260வது ஆட்டம்

என்னுடைய 260வது தொழில்முறை ஐஸ் ஹாக்கி ஆட்டம் 2019 ஜனவரியில் ஒரு புதன்கிழமை இரவு நடந்தது. நான் கோல் அடிக்கவில்லை, கோலுக்குப் பாஸ் கொடுக்கவும் இல்லை. மூன்று ஷாட்டுகளை உடம்பால் தடுத்தேன். 3–2 என்று ஜெயித்தோம். டிரெஸ்ஸிங் ரூமில் ஸ்கேட் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் எக்விப்மென்ட் மேனேஜர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அறுபதை நெருங்கும் மனிதர். ஒரு பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக நாங்கள் ஆடும் ரப்பர் வட்டை, என் கையில் வைத்தார். அதன் விளிம்பைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் 260 என்று எழுதியிருந்தார்.

"வாழ்த்துதான் சொல்ல வந்தேன். அடுத்த சீசனிலிருந்து நீ வெட்டரன். யாராவது உன்னிடம் இதைப் பற்றிப் பேசினார்களா?"

யாரும் பேசியிருக்கவில்லை. அப்போது எனக்கு வயது 25.

ஐஸ் ஹாக்கியைத் தொழிலாக எடுக்க நினைக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.எச்.எல்.லில் நான் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அதற்குக் கீழே இருக்கும் லீக்குகளில் டிஃபென்ஸ்மேனாக, அதாவது தடுப்பாட்டக்காரனாக, எட்டு வருடம் ஓட்டினேன். சம்பளம் வாங்கிக்கொண்டு ஹாக்கி ஆடுபவர்களில் பெரும்பாலோர் வாழ்வது அந்த லீக்குகளில்தான். அங்கே எது நடக்கும் என்பதை யாரும் முன்கூட்டி உட்காரவைத்துச் சொல்வதில்லை.

முதலில் அந்த 260 என்ன என்று சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவில் மேலே என்.எச்.எல்., அதற்கு அடுத்த படியில் ஏ.எச்.எல்., அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். கீழே உள்ள இரண்டும் சம்பளம் தரும் லீக்குகள்தான், ஆனால் இளம் ஆட்டக்காரர்களை மேலே அனுப்பத் தயார்செய்வது அவற்றின் முக்கிய வேலை. அதனால் அங்கே அனுபவத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. ஈ.சி.எச்.எல்.லில் சீசன் தொடங்கும்போது 260 தொழில்முறை ஆட்டங்களை முடித்திருந்தால் நீங்கள் வெட்டரன். கோல் காப்பவர்களான கோலிகளை விட்டுவிட்டால், ஓர் ஆட்டத்தில் ஓர் அணி நான்கு வெட்டரன்களை மட்டுமே களமிறக்கலாம். ஏ.எச்.எல்.லில் கணக்கு கொஞ்சம் வேறு. கோலிகள் தவிரக் களமிறங்கும் 18 ஸ்கேட்டர்களில் 13 பேர் வளரும் ஆட்டக்காரர்களாக இருக்க வேண்டும். அந்த 13 பேரில் 12 பேர் 260 ஆட்டங்களைத் தாண்டாதவர்கள், ஒருவர் 320ஐத் தாண்டாதவர்.

ஒரு சீசனில் 72 ஆட்டங்கள். காயமே படாமல் ஆடினால் நாலு சீசனுக்குள் 260 வந்துவிடும். வேறு எந்த வேலையிலும் நாலு வருட அனுபவம் என்றால் சம்பளம் ஏறும். இங்கே அது உங்களை நாலே நாற்காலிகளுக்கான போட்டிக்குள் தள்ளுகிறது.

இந்த விதி அநியாயம் என்று சொல்ல மாட்டேன். 20 வயதில் எனக்கு முதல் இடம் கிடைத்ததே இந்த விதியால்தான். எனக்கு முன்னால் அந்த லாக்கரில் இருந்தவர் என்னைவிட நல்ல ஆட்டக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு வெட்டரன் இடம் கிடைக்கவில்லை, எனக்கு லாக்கர் கிடைத்தது. அன்று அதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

சரி, ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

நான் பிறந்தது டிசம்பர் கடைசியில். கனடாவில் சிறுவர் ஹாக்கியின் வயதுப் பிரிவு ஜனவரி 1ஐ வைத்துப் பிரிக்கப்படுகிறது. அதனால் ஒரே பிரிவில் என்னைவிட கிட்டத்தட்ட ஒரு வயது மூத்த பையன்களோடு ஆடினேன். ஒன்பது வயதில் ஒரு வருட வித்தியாசம் என்பது ஒரு தலை உயர வித்தியாசம். முதல்தர அணிக்கான தேர்வில் மூன்று வருடம் தொடர்ந்து என்னை நீக்கினார்கள். மூன்றாவது தடவை அப்பா காரை ஓட்டிக்கொண்டே, "உனக்கு இன்னும் ஆட ஆசையா, இல்லையா? அது மட்டும் சொல்" என்றார். ஆசை என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு, பொதுமக்கள் ஸ்கேட் செய்யும் நேரத்துக்கும் முன்னால், ரிங்க் வாசலில் காரை நிறுத்தியிருந்தார்.

ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் உயர்மட்ட ஹாக்கியில் அதிகமாக இருப்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அவர்களுக்குத் திறமை கூடுதலாக இருப்பதால் அப்படி வந்துவிடவில்லை. எட்டு வயதில் பெரிய உடம்போடு தேர்வாகி, நல்ல கோச்சும் கூடுதல் ஐஸ் நேரமும் பெற்றுவிடுகிறார்கள், அந்த இடைவெளி பிறகு தானாக வளர்கிறது. ஆகவே உங்கள் பிள்ளை வருடக் கடைசியில் பிறந்திருந்தால், பத்து வயதில் ஓர் அணி நீக்கியதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோச்சிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: "இவனுடைய ஸ்கேட்டிங்கில் எது குறை?" உயரம் தானாக வரும். பின்னோக்கி ஸ்கேட் செய்துகொண்டே இடுப்பைத் திருப்பி முன்னோக்கி ஓடும் அந்த ஒரு அசைவு தானாக வராது. எனக்கு அதைப் பழக இரண்டு குளிர்காலம் பிடித்தது.

16 வயதில் மேஜர் ஜூனியர் லீக்குக்கு, அதாவது பதின்வயதினருக்கான உயர்மட்ட லீக்குக்கு, போனேன். வேறு ஊரில், ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி ஆட வேண்டும். அந்த வீட்டு அம்மா எனக்குத் துணி துவைப்பதிலிருந்து கணக்குப் பாடம் வரை சொல்லிக்கொடுத்தார், அவருக்கு இன்றும் பண்டிகை தோறும் பேசுகிறேன். அந்தக் காலத்தில் மேஜர் ஜூனியரில் ஆடினால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹாக்கியின் கதவு மூடிவிடும். 2025 ஆகஸ்டிலிருந்து அந்தத் தடை போய்விட்டது. இப்போதைய பிள்ளைகளுக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. அதனால் மூத்தவர்கள் சொல்லும் பழைய அறிவுரையை, என்னுடையதையும் சேர்த்து, இன்றைய விதியோடு ஒப்பிட்டுப் பார்த்தே எடுங்கள். மேஜர் ஜூனியரில் ஆடும் வருடங்களுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. அது எப்போது காலாவதியாகும், தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டது அம்மா. ஹாக்கியில் ஆஃப்சைடு என்றால் என்ன என்று அவருக்கு அப்போது தெரியாது. ஆனால் அந்தக் காகிதத்தை அவர்தான் முழுக்கப் படித்தார்.

2012இல் என்.எச்.எல். டிராஃப்ட், அதாவது அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு. ஏழு சுற்று, அப்போது 30 அணிகள், சுமார் 210 பெயர்கள். இப்போது 32 அணிகள், 224 பெயர்கள். இரண்டு நாளும் உட்கார்ந்து பார்த்தோம். என் பெயர் வரவில்லை. டிராஃப்டில் யாரும் எடுக்காத மார்ட்டின் செயின்ட் லூயிஸ் 2004இல் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வாங்கினார், 2018இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கும் போனார் என்பதை எல்லோரும் எனக்கு ஆறுதலாகச் சொன்னார்கள். அது உண்மைதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது? எனக்கு உதவியது, டிராஃப்ட் நடந்த மறுநாள் எங்கள் ஜூனியர் கோச் ஃபோனில் சொன்னது: "மேலே உன்னை எதற்காக எடுப்பார்கள் என்று ஒரே வாக்கியத்தில் உன்னால் சொல்ல முடிகிறதா? முடியும்போது சொல்." எனக்கு முடியவில்லை. கொஞ்சம் அடிப்பேன், கொஞ்சம் தடுப்பேன், நன்றாக ஓடுவேன். அவருடைய கேள்வியின் ஆழம் புரிய எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

2014 வசந்தத்தில் ஜூனியர் முடிந்ததும் ஈ.சி.எச்.எல். அணி ஒன்று அமெச்சூர் டிரைஅவுட்டில், அதாவது ஆடவைத்துப் பார்க்கும் சோதனை வாய்ப்பில், கூப்பிட்டது. அங்கேதான் அந்த எக்விப்மென்ட் மேனேஜரைப் பார்த்தேன். முதல் நாளே என் ஸ்கேட்டை வாங்கி, பிளேடின் ஓரத்தில் தன் கட்டைவிரல் நகத்தைக் குறுக்காக வைத்து இழுத்தார். மெல்லிய வெள்ளைத் தூள் நகத்திலிருந்து சுருண்டு வந்தது. இன்னொரு ஓரத்தில் இழுத்தார், தூள் வரவில்லை. "நீ இடது பக்கம் திரும்பும்போது வழுக்குகிறதா?" என்றார். ஒரு மாதமாக வழுக்கிக்கொண்டிருந்தது. என் காலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேட் பிளேடின் அடிப்பகுதி தட்டையாக இருக்காது. நடுவில் ஒரு பள்ளம், இரண்டு பக்கமும் இரண்டு ஓரங்கள். அந்தப் பள்ளத்தை ஒரு வட்டத்தின் துண்டு போலச் செதுக்குகிறார்கள். வட்டத்தின் ஆரம் அரை அங்குலம் என்றால் பள்ளம் ஆழம், பிடிப்பு அதிகம். ஆரம் கூடினால் பள்ளம் ஆழம் குறையும், சறுக்கல் நன்றாக வரும், கால் சீக்கிரம் களைக்காது. நான் 90 கிலோ. என் எடைக்கு அரை அங்குலப் பள்ளம் ஐஸைக் கடித்துப் பிடித்துக்கொள்கிறது என்று அவர் அதை எட்டில் ஐந்து அங்குலமாக மாற்றினார். ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாவது பீரியடில் தொடை எரிவது அன்றே குறைந்தது. ஒவ்வொரு இளம் ஆட்டக்காரரும் தன் ஸ்கேட்டின் அளவு என்ன, எதற்காக அது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஷாட்டைக் காலால் தடுத்தால் உடனே பெஞ்சில் நகத்தை வைத்துப் பாருங்கள், ஓரம் நசுங்கியிருக்கலாம். சீசன் நடுவில் ஸ்கேட்டையோ ஸ்டிக்கையோ மாற்றாதீர்கள். இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். நம் வேலை அந்த இரண்டு ஓரங்களின் மேல்தான் நடக்கிறது.

அப்புறம் என் தலை.

2016 ஜனவரியில் எங்கள் கோலுக்குப் பின்னால் பக்கை எடுக்கக் குனிந்தபோது அடி விழுந்தது. கண்ணாடியில் மோதியது நினைவிருக்கிறது, அதற்கடுத்த ஷிஃப்ட், அதாவது அடுத்த தடவை ஐஸில் இறங்கி ஆடிய சில விநாடிகள், நினைவில்லை. காயங்களைக் கவனிக்கும் ட்ரெய்னர் கேட்டபோது நன்றாக இருக்கிறேன் என்றேன். அணியில் ஆறு டிஃபென்ஸ்மேன், ஏழாவது ஆள் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தான். அவனுக்கு என் இடத்தைக் கொடுக்க மனமில்லை. இன்னும் இரண்டு ஆட்டம் ஆடினேன். மூன்றாவது நாள் பஸ்ஸில், எதிரே வரும் வண்டிகளின் விளக்கைப் பார்க்க முடியாமல் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். எனக்குப் பக்கத்தில் இருந்த கோலிதான் எழுந்து போய் ட்ரெய்னரிடம் சொன்னான். அன்று அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. அவன் செய்தது ஒரு நண்பன் செய்ய வேண்டியது.

அந்த சீசனில் அதற்குப் பிறகு நான் ஆடவில்லை. ஜன்னல் திரையின் இடுக்குகளில் ஹாக்கி டேப்பை ஒட்டி வெளிச்சத்தை அடைத்துவிட்டு, மூன்று வாரம் அந்த அறையில் கிடந்தேன். சிட்னி கிராஸ்பிக்கே 2011 ஜனவரியில் பட்ட அடிக்குப் பிறகு நவம்பரில்தான் திரும்ப ஆட முடிந்தது. 1968இல் பில் மாஸ்டர்டன் தலையில் அடிபட்டு இறந்தார், அப்போது ஹெல்மெட் கட்டாயமில்லை. என்.எச்.எல்.லில் புதிதாக வருபவர்களுக்கு அது கட்டாயமானது 1979இல்தான். இந்த விளையாட்டு தலையின் மதிப்பை மெதுவாகவே கற்றுக்கொண்டது.

திரும்பி வரும் வழி படிப்படியானது. ஓய்வு, லேசான சைக்கிள், தனியாக ஸ்கேட்டிங், மோதலில்லாத பயிற்சி, முழுப் பயிற்சி, பிறகு ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் இடையில் குறைந்தது 24 மணி நேரம். அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே. நான் நாலாவது படியிலிருந்து இரண்டு தடவை கீழே வந்தேன். பிள்ளைகளே, மறைத்து ஆடிய அந்த இரண்டு ஆட்டங்களால் எனக்கு முப்பது ஆட்டங்களுக்கு மேல் போயிற்று. சீசன் தொடங்கும் முன், அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்க்க, மூளைக்கான அடிப்படைப் பரிசோதனை எடுக்கும்போது நேர்மையாக எடுங்கள். வேண்டுமென்றே மோசமாகச் செய்துவிட்டு, அடிபட்ட பிறகு தப்பிக்கலாம் என்று சொல்லும் மூத்த ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அணியில் ஒருவனிடமாவது முன்பே சொல்லிவையுங்கள்: "நான் சரியில்லை என்று உனக்குத் தோன்றினால், என்னைக் கேட்காமல் ட்ரெய்னரிடம் சொல்."

கழுத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தில் ஆட்டத்தின் நடுவே ஸ்கேட் பிளேடு கழுத்தில் பட்டு ஆடம் ஜான்சன் இறந்தார். அவருக்கு 29 வயது. அதே நாட்டில் நானும் கழுத்துக் காப்பு இல்லாமல் ஒரு சீசன் முழுக்க ஆடியிருக்கிறேன். வெக்கையாக இருக்கிறது, அரிக்கிறது என்று பையன்கள் இப்போதும் கழற்றிவிட்டு வருகிறார்கள். என் பயிற்சியில் அது இல்லாமல் ஐஸில் காலை வைக்க விடுவதில்லை.

2018 பிப்ரவரியில் ஒரு காலை ஐந்து நாற்பதுக்கு ஃபோன் அடித்தது. ஏ.எச்.எல். அணி ஒன்றில் இரண்டு டிஃபென்ஸ்மேன்களுக்குக் காயம். தொழில்முறை டிரைஅவுட் ஒப்பந்தம், அதிகபட்சம் 25 ஆட்டங்கள், எப்போது வேண்டுமானாலும் விடுவிக்கலாம். அன்று இரவே ஆட்டம். பையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினேன். அரங்குக்குள் நுழைந்தபோது அங்கிருந்த எக்விப்மென்ட் மேனேஜர் என் ஜெர்ஸியில் பெயர்ப்பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பப் பெயருக்கு ஆங்கிலத்தில் 14 எழுத்து. ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை வளைத்து, கடைசி எழுத்து கைக்கு அருகில் வந்து நின்றது. "இது வரைக்கும் இங்கே தைத்ததிலேயே நீளமானது" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். 1989இல் என்.எச்.எல்.லுக்குள் நுழைந்த ராபின் பாவாதான் அங்கே ஆடிய முதல் இந்திய வம்சாவளி ஆட்டக்காரர். அவர் பெயருக்கு நாலே எழுத்து. அந்த 14 எழுத்தையும் ஒன்றுவிடாமல் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

முதல் ஷிஃப்டில் நான் பக்கைத் தொடவே இல்லை. 44 விநாடி. வேகத்தை நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்க்காதது, யாரும் யோசிக்க நிற்பதில்லை என்பது. பக் வரும் முன்பே அதை எங்கே அனுப்புவது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அது எப்படித் தெரிகிறது என்பதை டிஃபென்ஸ் ஆடும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது பழகக்கூடியது. பக் நம் பக்க மூலைக்கு உருளுகிறது. நீங்கள் அதை எடுக்கப் போகிறீர்கள், பின்னால் எதிரணி ஃபார்வர்டு துரத்துகிறான். பக்கை அடைவதற்குள் குறைந்தது இரண்டு தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டும். முதல் பார்வையில், எத்தனை பேர் வருகிறார்கள், எந்தப் பக்கமிருந்து. இரண்டாவது பார்வையில், அவன் வழியை மாற்றினானா, நம் ஜோடி எங்கே நிற்கிறான். ஈ.சி.எச்.எல்.லில் நான் ஒரு தடவைதான் பார்ப்பேன், அதிலேயே சமாளித்துவிடுவேன். மேலே அந்த ஒரு பார்வைக்கும் பக்கைத் தொடும் நொடிக்கும் இடையில் ஆளே மாறிவிடுகிறான். நாலாவது ஆட்டத்தில் அப்படித்தான் பக்கை நேராக எதிரணிக்காரனின் ஸ்டிக்கில் கொடுத்தேன், கோல் விழுந்தது. வீட்டுச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டுகூட இதைப் பழகலாம். பந்து திரும்பி வருவதற்குள் இரண்டு தோளுக்கு மேலும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பதினொன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு கோச் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார், அப்போதே தெரிந்துவிட்டது. நான் கோல் அடித்துக் காட்ட முயன்றுகொண்டிருந்தேன், எதிரணிக்கு ஆள் குறைவாக இருக்கும் பவர் ப்ளேயில் இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் அன்பாகவே பேசினார். "என்னிடம் கோல் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே உள்ள என்.எச்.எல். அணி அவர்களைத்தான் என்னிடம் அனுப்புகிறது. எனக்கு வேண்டியது, நமக்கு ஆள் குறையும் பெனால்டி கில்லில் போய் 40 விநாடி எதுவும் நடக்காமல் பார்த்துக்கொண்டு திரும்பி வருகிறவன். உன்னால் அது முடியும். ஆனால் உனக்கு அது வேலையாகத் தோன்றவில்லை."

ஜூனியர் கோச் கேட்ட ஒரு வாக்கியம் இதுதான். அது என்னிடம் ஆறு வருடமாக இருந்தது, நான்தான் அதைக் குறைவாக நினைத்தேன்.

ஈ.சி.எச்.எல்.லுக்குத் திரும்பி வந்தபின் எங்கள் கோச்சிடம் போய், பவர் ப்ளே வேண்டாம், முதல் பெனால்டி கில் ஜோடியில் என்னைப் போடுங்கள் என்றேன். நம் அணியில் ஒருவன் பெனால்டியில் இருக்கும் இரண்டு நிமிடமும் ஐந்து பேருக்கு எதிராக நாலு பேர். ஸ்டிக்கின் நுனி பாஸ் போகும் பாதையில் ஐஸின் மேலேயே இருக்க வேண்டும், மார்பு ஷாட் அடிப்பவனைப் பார்க்க வேண்டும். பக் ஸ்டிக்கில் சிக்கினால் யோசிக்காமல் மறுகோடிக்கு அடித்துவிடலாம், அப்படி அடித்தால் ஆட்டத்தை நிறுத்தும் ஐசிங் விதி ஆள் குறைவாக இருக்கும்போது கிடையாது. பார்வையாளர்கள் இதற்குக் கை தட்டுவது அபூர்வம். பெஞ்சுக்குத் திரும்பும்போது கோலி தன் ஸ்டிக்கால் கோல் கம்பத்தை இரண்டு தட்டுத் தட்டுவான். எனக்கு அது போதும் என்று ஆனது அந்த வருடம்தான்.

260ஐத் தாண்டிய பிறகும் எனக்கு ஒப்பந்தம் கிடைத்தது இதனால்தான். அந்தக் கோடையில் எங்கள் அணியில் ஏழு பேர் வெட்டரன் கணக்கில் வந்தோம். நாலு இடம். என்னைவிட அதிகம் கோல் அடித்த இரண்டு பேருக்கு இடமில்லை. கோச் நாலு பேரையும் நாலு வேலைக்கு எடுத்தார்: ஒருவர் கேப்டன், ஒருவர் ஃபேஸ்ஆஃப் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும்போது அதைக் கைப்பற்றுவது), ஒருவர் பவர் ப்ளேயை நடத்துபவர், நான் பெனால்டி கில். "எல்லாம் ஓரளவு செய்வான்" என்ற இடத்துக்கு 21 வயதுப் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள், அவர்கள் கணக்கிலும் சேர மாட்டார்கள்.

பணம் பற்றி. ஈ.சி.எச்.எல்.லில் வாரச் சம்பளம், அதுவும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை சீசன் நடக்கும்போது மட்டும். தங்க வீடு அணி தரும். 2018–19இல் என்.எச்.எல்.லின் குறைந்தபட்சச் சம்பளம் 6,50,000 அமெரிக்க டாலர், சீசனின் ஒரு நாளுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 3,500. நான் ஒரு மாதத்தில் வாங்கியது அதைவிடக் குறைவு. இந்த இடைவெளியைப் பார்த்து ஏங்குவதால் பயனில்லை, திட்டம் போடுவதால் உண்டு. கோடையில் சம்பளம் வராது என்பதை அக்டோபரிலேயே கணக்கில் எடுங்கள். நான் ஒவ்வொரு வாரமும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவைத்தேன், கோடையில் சிறுவர் முகாம்களில் கற்றுக்கொடுத்தேன். கனடாக்காரர் அமெரிக்காவில் ஆடினால் இரண்டு நாட்டிலும் வரிக் கணக்கு இருக்கும். சம்பளச் சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். ஏ.எச்.எல்., ஈ.சி.எச்.எல். ஆட்டக்காரர்களுக்கு 1967இலிருந்து இயங்கும் தொழில்முறை ஹாக்கி ஆட்டக்காரர் சங்கம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் புரியாத வரி இருந்தால் ஏஜென்டைக் கேளுங்கள், பிறகு சங்கத்தையும் கேளுங்கள். நான் முதல் இரண்டு ஒப்பந்தங்களைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். வீட்டில் எல்லாக் காகிதத்தையும் படிக்கும் அம்மா இருந்தும்!

2020 மார்ச்சில் கொரோனாவால் சீசன் பாதியில் ரத்தானது. வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு வந்தவர்கள் திங்கட்கிழமை ஊருக்குப் போய்விட்டார்கள், சிலரை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. அடுத்த சீசனில் பல அணிகள் ஆடவில்லை, எனக்கும் இடமில்லை. அந்த வருடம் என்னைக் காப்பாற்றியது, ஜூனியரிலிருந்து சீசனுக்கு இரண்டு பாடம் என்று தபால் வழியிலும் இணைய வழியிலும் எடுத்துக்கொண்டு வந்த கணக்கியல் படிப்பு. பஸ்ஸில் மற்றவர்கள் சீட்டு ஆடும்போது நான் படித்தேன் என்று சொன்னால் அது பொய். நானும் ஆடினேன், பிறகு படித்தேன். 2021இல் பட்டம் முடித்தேன். அதை வைத்துத்தான் இங்கிலாந்தில் முதுகலை படித்துக்கொண்டே ஆடும் வாய்ப்பு கிடைத்தது. அங்கே சில அணிகள் ஆட்டக்காரர்களுக்குப் பல்கலைக்கழகப் படிப்பையும் சேர்த்துத் தருகின்றன. வெட்டரன் கணக்கு அங்கே இல்லை, வெளிநாட்டு ஆட்டக்காரருக்கான இடம் மட்டும் அளவானது. 26, 27 வயதில் இருக்கும் நண்பர்களுக்கு இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன்.

2022இல் இடது முழங்கால் போதும் என்றது. 28 வயது. கடைசி ஆட்டத்துக்குப் பின் என் பழைய எக்விப்மென்ட் மேனேஜருக்கு ஃபோன் செய்தேன். "ஸ்கேட்டை என்ன செய்யப் போகிறாய்?" என்றார். தெரியவில்லை என்றேன். "எனக்கு அனுப்பு." மூன்று வாரத்தில் திரும்பி வந்தது, புது பிளேடு போட்டு, எட்டில் ஐந்து அங்குலத்தில் தீட்டி. பெட்டிக்குள் கடிதம் ஒன்றும் இல்லை. இப்போது வாரத்தில் மூன்று மாலையும் சனிக்கிழமை காலையும் 14லிருந்து 17 வயது டிஃபென்ஸ் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும்போது அதைத்தான் போட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் ஓர் அப்பா தன் மகனை அழைத்துவந்தார். 15 வயது, நவம்பரில் பிறந்தவன், மற்ற பையன்களின் தோள் உயரம். வருடத்துக்கு எத்தனை கோல் அடித்தால் மேலே எடுப்பார்கள் என்று அந்த அப்பா கேட்டார். நான் பையனைப் பார்த்து, "ஐஸில் உன் வேலை என்ன?" என்றேன். அப்பாவைப் பார்த்தான், ரிங்க்கைப் பார்த்தான், கொஞ்ச நேரம் யோசித்தான். "எங்கள் கோலுக்கு முன்னால் யாரையும் நிற்கவிடாமல் பார்த்துக்கொள்வது, அங்கிள்."

கழுத்துக் காப்பைச் சரிபார்த்தேன், நகத்தை அவன் பிளேடில் வைத்து இழுத்துப் பார்த்தேன். இரண்டு ஓரமும் நன்றாக இருந்தன. அன்று மீதியிருந்த ஐம்பது நிமிடமும் நாங்கள் இரண்டு பேரும் கோலுக்கு முன்னால்தான் நின்றோம்.